இரண்டு கரண்டி கல்சியம்

ஐப்பசி மழை பிடித்தால் இலேசில் விடாது. அம்பிட்டிய மேட்டில், ராஜலிங்கம் வீட்டில், நாய் குட்டி போட்ட பிறகு வந்த இரண்டு கிழமையும் மனிதர்களின் துணி காய இடமில்லை. அடுப்படிக் கொடியில் தொங்கியதெல்லாம் நாய்க்குட்டிகளுக்கு விரிக்கிற துணி. பழைய பெட்சீட்டைக் கிழித்த துண்டுகள், நைந்த துவாய்கள், அவற்றுக்கு நடுவில் ராஜலிங்கம் இடுப்பில் உடுத்துகிற சாரம் ஒன்று. அது நல்ல சாரம். கேட்டதற்கு, "கிழிஞ்ச மாதிரி இருந்திச்சு" என்று மனைவி பிரேமிளா சொல்லிவிட்டாள். பதினொரு வருடமாக நாய் வளர்க்கிற வீட்டில் ஒரு சாரத்துக்காகச் சண்டை பிடிக்கிற கட்டத்தை அவர் எப்போதோ தாண்டியிருந்தார்.

ராஜலிங்கத்துக்கு மாநகர சபையில் தண்ணீர்ப் பகுதியில் கிளார்க் வேலை. பிரேமிளாவுக்கு வீடுதான் வேலை, நாய்தான் வேலை. முதல் நாய் வந்தது மகள் ஆசைப்பட்டு. மகள் இப்போது கல்யாணம் கட்டி கொழும்பில் இருக்கிறாள். நாய்கள் இங்கே தங்கிவிட்டன. லாப்ரடோர் குட்டி வேண்டுமென்றால் அம்பிட்டிய பிரேமிளா அக்காவிடம் போ என்று கண்டியிலும் சுற்றுவட்டத்திலும் சொல்வார்கள். குட்டி பிறக்கும் முன்பே ஆட்கள் பேர் கொடுத்து வைத்திருப்பார்கள். குட்டி கொடுத்ததோடு அவள் விடுவதுமில்லை. வாட்ஸப்பில் ஒரு குரூப் வைத்து, வத்தேகமவிலும் திகனயிலும் கலஹாவிலும் உள்ள நாய்களுக்கெல்லாம் இங்கே அடுப்படியில் இருந்தபடியே வைத்தியம் சொல்வாள். கழிச்சலுக்கு என்ன, உண்ணிக்கு என்ன, சாப்பிடாவிட்டால் என்ன, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. ஒரு கையால் ரொட்டியைப் புரட்டிக்கொண்டு மறு கையில் போனைப் பிடித்து அவள் பேசுகிற பேச்சைக் கேட்டு, "ஒங்கிட்ட சொல்லித்தான் எனக்கும் ஒரு ஊசி போடணும்" என்பார் ராஜலிங்கம்.

முன்னறையில் கதிரைகளை ஒதுக்கிவிட்டுப் பலகைப் பெட்டி ஒன்று போட்டிருந்தது. அதற்குள் சிண்டியும் ஒன்பது குட்டிகளும். சிண்டி மஞ்சள் நிற லாப்ரடோர், ஐந்து வயது, இது மூன்றாவது பேறு. விடிந்ததும் பிரேமிளா செய்கிற முதல் வேலை நனைந்த பேப்பரைச் சுருட்டி எடுத்துவிட்டுப் புதுப் பேப்பர் விரிப்பது. பிறகு குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மாவு நிறுக்கிற தராசில் வைத்து நிறுப்பாள். நேற்றைவிட நிறை கூடியிருந்தால் அந்தக் குட்டிக்கு நெற்றியில் ஒரு முத்தம். கூடாவிட்டால் அதைத் தாயின் பின்பக்கத்து முலையில் கொண்டுபோய்ப் பிடித்துவிடுவாள், அங்கேதான் பால் அதிகம். பிறகு சிண்டிக்குச் சாப்பாடு. கோழிக் கழுத்தும் பூசணிக்காயும் போட்டுக் குழைய வேகவைத்த சோறு. அதன்மேல் ஒரு கரண்டி கல்சியம் பாணி மருந்து. அந்திச் சாப்பாட்டில் இன்னொரு கரண்டி.

அந்த இரண்டு கரண்டிதான் பிரேமிளாவின் பெருமை. மற்றவர்கள் குட்டி பிறந்த பிறகு கொடுப்பார்கள். பிரேமிளா நாய் மாசமாகி மூன்றாவது கிழமையிலிருந்து, ஒரு நாள் விடாமல் கொடுப்பாள். அவள் மகளைச் சுமந்தபோது கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸி கல்சியம் குளிசையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றவர். ஒன்று பெறுகிறவளுக்கே அப்படியென்றால் ஒன்பது பெறுகிறவளுக்கு? யாரிடமும் கேட்காமல் பிரேமிளா தானே கண்டுபிடித்த முறை அது. குரூப்பில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுப்பாள்.

அன்று செவ்வாய்க்கிழமை, குட்டிகளுக்குப் பதினாறு நாள். பத்து மணிபோல சிண்டி பெட்டியைவிட்டு எழும்பி வெளியே வந்தாள். முன்னறைக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கியது. மழைக் குளிரில் ஏன் இப்படி இளைக்கிறது என்று பிரேமிளா பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னங்கால் இரண்டும் விறைத்துக்கொண்டன. கட்டைக் காலில் நடக்கிற மாதிரி நாலு அடி வைத்தாள். பிறகு சுவரோடு சரிந்து விழுந்து நடுங்கத் தொடங்கினாள். தொட்டால் உடம்பு நெருப்பாகச் சுட்டது.

"சிண்டி! என்னம்மா, என்னடா செய்யுது?"

ராஜலிங்கம் வேலைக்குப் போய்விட்டார். பிரேமிளா படிக்கட்டில் இறங்கி ஓடி, கீழே ரோட்டோரம் த்ரீவீலில் உட்கார்ந்திருந்த அஸ்ஃபரைக் கூப்பிட்டாள். அஸ்ஃபர் மடவளைக்காரன், அந்த மேட்டுக்கு எப்போதும் ஓடுகிறவன் அவன்தான். நாய் ஏற்றுவதென்றால் பின் சீட்டில் விரிக்க றெக்சீன் துண்டு ஒன்று தனியாக வைத்திருப்பான்.

"அக்கா, தனியா தூக்க ஏலுமா ஒங்களுக்கு?"

"நாப்பது கிலோ இருக்கும் அஸ்ஃபர். நீங்க தொட வேணாம், நான் பெட்சீட்ல போட்டு இழுத்துக்கிட்டு வாறேன்."

"படியில எப்பிடி இழுக்கிற? சொல்லுங்க பாப்பம்." அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்சீட்டின் மறுமுனையைப் பிடித்தான். சிண்டியின் வாயிலிருந்து வடிந்த எச்சில் அவன் கையில் பட்டது. முஸ்லிம் ஆளுக்கு நாய் எச்சில் ஆகாதே என்று பிரேமிளாவுக்கு மனசு கூசியது. "கழுவினா போற காரியம்தானே அக்கா. உசிரு போனா வருமா?" என்று சொல்லிவிட்டு அவன் படி இறங்கினான்.

கண்டி வாவியைச் சுற்றி வாகனங்கள் நெரிந்து நின்றன. பிரேமிளா சிண்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டாள். பேராதனை ரோட்டில் தியாகராஜா டொக்டரின் மிருக கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது சிண்டிக்கு வலிப்பு வந்துவிட்டது.

தியாகராஜா டொக்டர் பருத்தித்துறைக்காரர். கண்டிக்கு வந்து முப்பது வருடம். ஊரைவிட்டு வந்தாலும் பேச்சை விட்டு வரவில்லை. அதிகம் பேசவும் மாட்டார்.

"குட்டி பிறந்து எத்தினை நாள்?"

"பதினாறு நாள் டொக்டர். ஒம்பது குட்டி."

"ஆளை இறுக்கிப் பிடியுங்கோ. அசைய விடாதேங்கோ."

முன்னங்காலில் மயிரை வழித்து, நரம்பைத் தேடி ஊசியை ஏற்றினார். மருந்தை மெதுமெதுவாக, சொட்டு விடுகிற மாதிரி உள்ளே தள்ளினார். மறு கையில் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தபடி இருந்தார். அப்படியே கால் மணித்தியாலம் போனது. முதலில் காது நடுங்குவது நின்றது. பிறகு கால்கள் தளர்ந்தன. பிறகு சிண்டி ஒரு பெருமூச்சு விட்டு, பிரேமிளாவின் கையை நக்கினாள். அப்போதுதான் பிரேமிளா அழுதாள்.

"பால் சன்னி. இரத்தத்தில கல்சியம் இறங்கிப்போச்சு" என்றார் டொக்டர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பிரேமிளா நிமிர்ந்தாள். "இருக்காது டொக்டர். கல்சியம் எப்படிங்க இறங்கும்? அது மாசமா இருந்தப்ப இருந்தே நான் குடுக்கிறேனே. ஒருநாள் கூட விடல."

"மாசமா இருக்கேக்கையோ?"

"ஆமா. மூணாம் கிழமையிலருந்து. காலையில ஒரு கரண்டி, அந்தியில ஒரு கரண்டி." அதைச் சொல்லும்போது அந்த நிலையிலும் அவள் குரலில் கொஞ்சம் மிடுக்கு இருந்தது. இருந்தது உண்மைதான், மறைப்பானேன்.

டொக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். "அதுதான் பிழை, பிள்ளை."

"என்ன டொக்டர்?"

"உடம்பு தனக்குக் கல்சியம் குறைஞ்சால் தன்ர எலும்பில இருந்து எடுக்கும். அது அதின்ர வேலை. நீங்கள் நாளாந்தம் வாயில ஊத்தி ஊத்தி விட்டால் அந்த வேலையை அது மறந்துபோகும். பிறகு ஒன்பது குட்டி பால் இழுக்கேக்க நீங்கள் ஊத்திறது காணாது. எலும்பில இருந்து எடுக்கவும் ஏலாது. விழுந்துபோகும்."

"கிளினிக்ல எங்களுக்குக் குடுக்கிறாங்களே டொக்டர்? மனுசங்களுக்கு?"

"மனுசருக்கு மனுசரின்ர முறை. இது நாய்." அவர் கையைக் கழுவினார். "இதுதான் முழுக் காரணம் எண்டு நான் எழுதித் தரமாட்டன். ஒன்பது குட்டியும் ஒரு காரணம். ஆனால் குட்டி பிறக்க முதல் கல்சியம் குடுக்கப்படாது. பிறந்தாப் பிறகு குடுக்கலாம். ஆரும் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

யார் சொல்வது? எல்லோருக்கும் சொல்கிறவளே அவள்தானே.

சிண்டியிடம் இனிக் குட்டி எடுக்க வேண்டாம், குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார் டொக்டர். திரும்பி வரும்போது பிரேமிளாவின் மனதில் சிண்டி இல்லை. சிண்டி பிழைத்துவிட்டாள். நினைவில் வந்தது வத்தேகமக் கோசலாவின் நாய்.

கோசலா குரூப்பில் இருப்பவர்களில் பிரேமிளாவுக்கு மிகவும் நெருக்கமானவள். புருசன் வத்தேகம டவுனில் புடவைக் கடையில் நிற்கிறான். பிள்ளை இல்லை. பிரேமிளாவிடம் வாங்கிய பெட்டைக்குட்டியைப் பிள்ளையாகவே வளர்த்தாள். போன வருடம் அது முதல் பேறு கண்டது. மாசமாக இருந்தபோதே பிரேமிளா அக்கா சொன்னபடி இரண்டு கரண்டி. வெசாக் முடிந்த கிழமை ஒரு மத்தியானம் கோசலா போன் எடுத்தாள்: "அக்கா, ஒடம்பெல்லாம் நடுங்குதுக்கா, காலு வெறச்சுப் போச்சுக்கா." பிரேமிளா கேட்ட முதல் கேள்வி, "கல்சியம் ஒழுங்கா குடுத்தியா?" என்பது. "குடுத்தேங்க்கா" என்ற கோசலாவின் குரலில் ஏதோ தயக்கம் இருந்ததைப் பிடித்துக்கொண்டு, "ஒழுங்கா குடுத்திருந்தா இப்படி வராது, எங்கயோ விட்டுட்ட" என்று ஏசினாள். ஈரத்துணி போடு, இன்னும் ஒரு கரண்டி ஊற்று என்றாள். டொக்டரிடம் கொண்டு போ என்று சொல்லத் தோன்றியபோது அரை மணித்தியாலம் போய்விட்டது. நாய் கண்டிக்கு வரும் வழியில் செத்தது. ஐந்து குட்டிகளில் மூன்று செத்துப்போயின.

அதன்பிறகும் கோசலா அவளை விட்டுப் போகவில்லை. இந்தப் பேற்றில் ஒரு பெட்டைக்குட்டி தனக்கு வேண்டுமென்று பேர் கொடுத்து வைத்திருந்தாள்.

அடுத்த மூன்று நாளும் வீட்டில் யாருக்கும் நின்ற இடத்தில் மூச்சுவிட நேரமில்லை. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒன்பது வாய்க்குப் பால் கரைக்க வேண்டும். ஒன்பதாவது குட்டி குடித்து முடிக்கும்போது முதல் குட்டிக்குப் பசி வந்துவிடும். ராஜலிங்கம் லீவு போட்டுவிட்டு மடியில் துவாயை விரித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு புட்டி பிடித்தார். புதன்கிழமை அவரிடம் பிரேமிளா எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் குடித்து முடித்த குட்டியைக் கீழே இறக்கிவிட்டார். "கோசலாட நாய்க்கு இதுதான் வந்திச்சுன்னு டொக்டர் சொன்னாரா?"

"அவரு அந்த நாயப் பாக்கலயே."

"பொறகு? பாக்காததுக்கு நீ ஏன் பொறுப்பெடுக்கிற?"

"நான் பாத்தேன்ல. போன்ல கேட்டேன்ல. நடுக்கம், வெறப்பு, எல்லாம் அப்படியே. என் கண்ணு முன்னாடி சிண்டி விழுந்தப்ப எனக்கு அந்தப் பிள்ளட கொரல்தாங்க காதில கேட்டுச்சு."

"இந்தா பாரு பிரேமி. செத்தது செத்திருச்சு. இப்பப் போயி நாந்தான் கொன்னேன்னு நின்னா அந்தப் பிள்ளைக்கு என்ன கெடைக்கப் போவுது? உள்ள காயத்தக் கிண்டி விடுறதுதான் மிச்சம்." அவர் புட்டியை ஆட்டிப் பார்த்தார். "ஒனக்கும் ஏலல. கொஞ்ச நாளைக்கி குட்டி எடுக்கிறத நிப்பாட்டு. சிண்டிக்குச் சொகமில்ல, அதுனால நிப்பாட்டுறேன்னு சொல்லு. அது பொய்யும் இல்லதானே?"

அவர் கெட்டவரில்லை. மனைவி தலைகுனிவதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிரேமிளாவுக்கும் அந்த யோசனை இதமாகத்தான் இருந்தது. நிறுத்துவது என்பதை அவள் மனம் கிளினிக் வாசலிலேயே தீர்மானித்துவிட்டது. வீட்டிலிருந்த இன்னொரு இளைய பெட்டை நாய் பொப்பி அடுத்த மாதம் பருவத்துக்கு வரும்; திகனயில் ஒரு கறுத்த கடுவன் நாயோடு சேர்ப்பதாகப் பேச்சு. கடுவன் வைத்திருப்பவர் கூலி கேட்க மாட்டார், பிறக்கிற குட்டிகளில் முதலாவதாகத் தெரிந்தெடுக்கிற உரிமை அவருக்கு, அதுதான் வழக்கம். அந்த மனிதருக்கு உடனே போன் போட்டு வேண்டாமென்று சொன்னாள். "ஏன் மிஸிஸ் ராஜலிங்கம், எவ்வளவு நாளைக்கு?" என்று அவர் கேட்டார். பார்ப்போம் என்றாள். இரண்டு கரண்டியைப் பிழையாகக் கொடுத்த கை வேறு எதையெல்லாம் பிழையாகக் கொடுத்திருக்கும்? குடற்புழு மருந்து? ஊட்டச் சாப்பாடு? பதினொரு வருடத்தில் கொடுத்த பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்காமல் இன்னொரு நாயைப் பெற வைக்க அவளுக்குத் துணிவில்லை.

ஆனால் குரூப்பில் போட்டது ராஜலிங்கம் சொன்னதைத்தான். 'சிண்டியின் சுகம் கருதி, குட்டி எடுப்பதைச் சில காலம் நிறுத்தி ஓய்வெடுக்கத் தீர்மானித்திருக்கிறோம். பேர் கொடுத்தவர்கள் மன்னிக்கவும்.' பத்து நிமிடத்தில் கும்பிடுகிற கைகளும் சிவப்பு இதயங்களும் வந்து குவிந்தன. உங்களைப் போல மனசு யாருக்கு வரும் என்றார்கள். நாயைத் தொழிலாகப் பார்க்காத ஒரே ஆள் அக்காதான் என்றார்கள். கோசலாவும் எழுதியிருந்தாள்: 'சிண்டிக்குச் சொகமாகணும்னு கோயிலுக்குப் போயி கும்பிட்டேங்க்கா. ஒங்க கையில வளர அது குடுத்து வச்சிருக்கணும்.'

பிரேமிளா போனைக் கவிழ்த்து வைத்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். புகழ்ச்சியைத் தாங்க முடியவில்லை. ஓய்வு என்று பேர் வைத்துக்கொண்டு தான் ஒளிந்திருப்பது அவளுக்கே நன்றாக விளங்கியது.

சனிக்கிழமை காலையில் மழை விட்டு வானம் கொஞ்சம் வெளித்திருந்தது. "புட்டி ஒம்பதும் அவிச்சு வச்சிருக்கேன். பன்னெண்டு மணிக்குக் குடுங்க. நான் வத்தேகமைக்குப் போயிட்டு வாறேன்" என்றாள்.

ராஜலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். தடுக்கவில்லை. "கொடையை எடுத்துட்டுப் போ" என்றார்.

வத்தேகம பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருந்தது. என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். டொக்டரே நூறு வீதம் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லலாமா? கடைசியில் சொல்லலாமா? இறங்கும்போது ஒத்திகை எல்லாம் மறந்துபோயிற்று.

கோசலா முற்றத்தில் சாக்கு விரித்து மிளகைப் பரப்பிக்கொண்டிருந்தாள். வெயில் கிடைக்கிற ஒரு மணி, இரண்டு மணிதான் அந்தக் கிழமை முழுக்க. பிரேமிளாவைக் கண்டதும் மலர்ந்துபோனாள்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம? வாங்க, வாங்க. சிண்டிக்கு எப்படி?"

"சொகமாயிருச்சு. நீ வேலையப் பாரு. நான் இப்படியே உக்காருறேன்."

அவளும் குந்தி உட்கார்ந்து மிளகைக் கையால் பரப்பத் தொடங்கினாள். பரப்பிக்கொண்டே சொன்னாள். சிண்டி விழுந்ததை, டொக்டர் கேட்டதை, கல்சியம் விசயத்தை. சொல்லும்போது கோசலாவின் கையையே பார்த்தாள், முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கை ஒரு இடத்தில் நின்றுபோயிற்று.

"டொக்டரு அதுதான் முழுக்காரணம்னு சொல்லல" என்று பிரேமிளா முடித்தாள். "ஒன் நாயப் பத்தி அவருக்குத் தெரியாது. ஆனா எனக்குத் தெரியும் கோசலா. நான் சொன்ன முறைதான் பிழை. அன்னைக்கி ஒன்னைய ஏசுனது அத விடப் பிழை."

"மாசமா இருக்கிறப்ப குடுக்கவே கூடாதா?"

"கூடாது."

"அப்ப குடுக்காம விட்டா?"

"விட்டாத்தான் நல்லது."

கோசலா எழும்பி நின்றாள். "நான் நாலு நாளு குடுக்கலக்கா."

"என்ன?"

"மாமியார ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம்ல. நாலு நாளு நான் அங்கயே தங்கிட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு ஊத்தத் தெரியாது. நீங்க கேட்டப்ப ஒழுங்கா குடுத்தேன்னு பொய் சொன்னேன், பயத்துல." அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "அந்த நாலு நாளாலதான் செத்திச்சுன்னு இருந்தேங்க்கா நான். ஒன்றர வருசம். மாமியாரு மேல கூட எனக்குக் கோவம், அந்தக் கெழவிக்கு சோறு போடுறப்பல்லாம் கோவம். இவரோட ஒழுங்கா ஒரு வார்த்த பேசல. எல்லாம் அந்த நாலு நாளு!"

"அந்த நாலு நாளுதாம்மா சரி. மத்த நாளுதான் பிழை."

"அத இப்ப சொல்றீங்க!"

பக்கத்து வீட்டுக் கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து மழை பொட்டுப்பொட்டென்று விழுந்தது. கோபம் ஒரு பக்கம் இருக்க, இருவரும் சாக்கின் இரண்டு முனையைப் பிடித்து மடக்கி மிளகோடு உள்ளே ஓடினார்கள். நடை முழுக்க மிளகு சிதறியது. கோசலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிரேமிளா தேற்றவில்லை. தேற்றுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று தெரிந்து, நிலத்தில் சிதறின மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

கொஞ்சம் பொறுத்துக் கோசலா கேட்டாள். "அப்ப சிண்டிக்கு சொகமில்லன்னுதானே நிப்பாட்டுனேன்னு போட்டீங்க. அது?"

"மறைச்சிட்டேன்."

"குரூப்ல சொல்லலயா இன்னும்?"

"மொதல்ல ஒங்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

"இப்பயே சொல்லுங்க. நான் கேக்கணும்."

பிரேமிளா போனை எடுத்து, குரல் பதிவை அழுத்திப் பேசினாள். நான் ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்த கல்சியம் முறை பிழை. மாசமா இருக்கிற நாய்க்குக் குடுக்காதீங்க. அதனாலதான் சிண்டி விழுந்திச்சு. வத்தேகமையில ஒரு நாயும்... என்று வந்தபோது கோசலா கையை நீட்டித் தடுத்தாள்.

"ஒரு நாயா? அதுக்குப் பேரு இருக்கில்ல?"

"டோலி" என்றாள் பிரேமிளா. "கோசலா வீட்டு டோலி செத்ததும் என்னாலதான். கோசலா மேல ஒரு குத்தமும் இல்ல. நான் குட்டி எடுக்கிறத நிப்பாட்டுனதுக்கு அதுதான் காரணம். நான் மொதல்ல படிக்கணும்." விரலை எடுத்தாள். பதிவு போய்விட்டது.

இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை கூரைத் தகரத்தில் அடித்துப் பெய்தது. பதிவை ஒருவர் கேட்டார், இருவர் கேட்டார்கள். இந்தத் தடவை இதயமும் வரவில்லை, கும்பிடுகிற கையும் வரவில்லை. பிறகு கலஹாவில் தேயிலைத் தோட்டத்து ஒபிசில் வேலை செய்கிற டிலக்சன் எழுதினான்.

கோசலா தன் போனில் அதை வாசித்தாள். "'அக்கா, இன்னைக்கி காலையிலயும் குடுத்திட்டேனே. ரெண்டு கரண்டி. இன்னும் பதினொரு நாள்ல குட்டி போடும். இப்ப நான் என்ன செய்ய?'"

பிரேமிளா பதில் எழுதப் போனாள், இரண்டு சொல் எழுதிவிட்டு அழித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள்.

"பதினொரு நாளு இருக்கு" என்றாள் கோசலா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, பிரேமிளாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "நான் எழுதுறேன். சொல்லுங்கக்கா, என்ன எழுதட்டும்?"

"இன்னைக்கே நிப்பாட்டச் சொல்லு."

"ம்."

"திடீர்னு நிப்பாட்டினா வேற ஏதும் வருமா, குட்டி போட்டதும் எப்பருந்து குடுக்கணும், அதெல்லாம் எனக்குத் தெரியாது. டொக்டரக் கேட்டுட்டுச் சொல்றேன்னு எழுது."

கோசலா ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாது என்பதையும் விடாமல், அவள் சொன்ன சொல்லை அப்படியே எழுதினாள். அதற்குள் பிரேமிளா தன் போனில் தியாகராஜா டொக்டரின் நம்பரை அழுத்திக் காதில் வைத்திருந்தாள்.